குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டவுடன் நீரையும் உணவையும் நிறுத்திவிடும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. உள்ளே செல்வது குறைந்தால் வெளியேறுவதும் குறையும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. பொருத்தமாகத் தோன்றினும் இக்கருத்து அபாயகரமானது. நீர்போன்ற பேதியில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதேயாகும்.

அங்ஙனமாயின் வெறும் நீர் போதாதா எனில், போதாது. நோயுற்ற குடல் வெறும் நீரைச் சரிவர உறிஞ்சுவதில்லை. அதில் இழந்த உப்பும் இல்லை. ஆனால் சிறுகுடற் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒருங்கே உட்கடத்தும் வழியொன்று உண்டு. பேதியின்போதும் அது பெரும்பாலும் பழுதுபடாமலிருக்கிறது. அவ்விரண்டும் உட்புக, நீரும் அவற்றைத் தொடர்கிறது. ஆகவே சர்க்கரை சுவைக்காகச் சேர்க்கப்படுவதன்று.

1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியபொழுது, மேற்கு வங்காள எல்லையிலுள்ள பங்காவ் நகரில், இரத்தநாளத்தில் செலுத்தும் உப்புநீர் போதாமற்போயிற்று. டாக்டர் திலீப் மகலநாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையற்சோடா கலந்த கரைசலைப் பீப்பாய்களில் வைத்து, உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். கடுங்காலராவில் சிகிச்சையின்றேல் பாதிப்பேர்வரை மடியக்கூடும். அம்முகாமில் இறந்தோர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவே.

இக்கால ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கலவை 2002-இல் திருத்தியமைக்கப்பட்டது. பொட்டலம் முழுவதையும், அதன்மேல் குறித்த அளவு தூய நீரில் ஒரே தடவையில் கரைத்தல் வேண்டும். பாதியாகப் பிரித்தல் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருத்தலாகாது. பொட்டலம் கிட்டாவிடில், 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். அளவில் கண்டிப்பு அவசியம். உப்பு மிகுந்தால் தீங்கு நேரும். சர்க்கரை மிகுந்தால் பேதியே பெருகும். புட்டிகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் தகாதனவாவதும் இதனாலேயே.

ஒவ்வொரு பேதிக்குப் பின்னரும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மூத்த குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் சிறுகச் சிறுகத் தரவேண்டும். வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, முன்னிலும் மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. 6 மாதம் கடந்த குழந்தைக்குக் குழைந்த சோறு, பருப்பு, தயிர் ஆகியவற்றையும் ஊட்டலாம். துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுப்பது பேதியின் காலத்தைக் குறைக்கும்: 2 மாதம் முதல் 6 மாதம்வரை நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்குமேல் 20. பேதி நின்ற மறுநாளே அதை நிறுத்திவிடுவோர் பலர். 14 நாளும் கொடுத்தல் வேண்டும்.

கண்கள் குழிதல், கிள்ளிவிட்ட தோல் மெதுவாகப் படிதல், சிறுநீர் அற்றுப்போதல், மலத்தில் இரத்தம், குடிக்க இயலாமை, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. குழந்தை விழுங்க இயலுமாயின், போகும் வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லவேண்டும்.