விதியும் நெறியும்



சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தை வீட்டில் வைத்திருப்பவர் பலர். அவ்விதிகள் எதன்பொருட்டு எழுந்தன என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. விதி என்பது யாது, நெறி என்பது யாது, இரண்டும் எவ்விடத்தில் பிரிகின்றன என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். ரொக்கப் புத்தகம், நூல் இருப்புப் பதிவேடு, கூலிப் பட்டியல் யாவும் ஒழுங்காக இருந்தன. தீர்மானங்களில் கையொப்பம் ஒன்றும் குறையவில்லை. பொதுப்பேரவையில் எழுந்து, கணக்குகள் சரியாக உள்ளன என்று கூறி அமர்ந்தோம். அப்போது பின்வரிசையிலிருந்த நெசவாளப் பெண்மணி ஒருவர் எழுந்து, "கணக்கு சரிதான் ஐயா, பங்கீடு சரியா?" என்று கேட்டார். விரைவில் கூலி தரும் புடவை ஆர்டர்கள் யாவும் நிர்வாகக் குழுவினர் வீட்டுத் தறிகளுக்கே சென்றுகொண்டிருந்தன. ஏனையோர் தறிகள் பாவின்றி நின்றன. இதைத் தடுக்கும் துணைவிதி எதுவும் அங்கு இல்லை. நமது ஆய்வுப் படிவத்திலும் அதற்கெனக் கட்டம் இல்லை. அன்று நம்மால் விடை கூற இயலவில்லை.

விதி, இதைச் செய் என்றும் இதைச் செய்யாதே என்றும் கூறும். நெறி, எதற்காகச் செய்கிறோம் என்பதைக் காட்டும். விதியை எழுதியவர் எதிர்பாராத நிலைமை வரும்போது விதி வாய்மூடிவிடும். நெறி அங்கும் பேசும். தறியிலேயே இதற்கு உதாரணம் உண்டு. அங்குலத்திற்கு இத்தனை இழை என்பது விதி. துணி உடலில் சீராகப் படிய வேண்டும், நெடுநாள் உழைக்க வேண்டும் என்பது நெறி. நூலின் நம்பர் மாறினால் இழைக்கணக்கும் மாறும், நெறி மாறுவதில்லை.

இனி, வேறு தொழில்களில் வல்லுநர்கள் நெறிகளை எவ்வாறு கையாண்டனர் என்பதைக் காண்போம்.

முதலாவது, வடிவமைப்பு. ஜெர்மனியில் பிரௌன் நிறுவனத்தில் 1955இல் சேர்ந்த டீட்டர் ராம்ஸ் என்பவர், வானொலிப் பெட்டி முதலிய அன்றாடப் பொருள்களை வடிவமைத்துப் புகழ் பெற்றார். நல்ல வடிவமைப்புக்கு அவர் வகுத்த நெறிகள் 10. பொருள் பயன்பட வேண்டும், பார்த்தவுடன் விளங்க வேண்டும், நேர்மையாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும், வேண்டாத அலங்காரம் கூடாது என்பன அவற்றுட் சில. இவை நமது புடவைக்கும் பொருந்தும். உடலின் மெல்லிய நூலுக்கு ஒவ்வாத கனத்தில் கரையிட்டால், முதல் சலவைக்குப் பின் கரை சுருங்கி நெளியக்கூடும். கொசுவத்தில் மறையும் இடத்தில் வேலைப்பாட்டைக் குவித்து, முந்தானையை வெறுமையாக விட்டால் உழைப்பு வீணாகும். வெள்ளை உடலில் அரக்குக் கரை அழகுதான்; ஆனால் சாயம் ஊறி உடலில் பரவுமாயின் அவ்வழகு பொய்யாகிவிடும். ராம்ஸ் கூறும் நேர்மை என்பது இதுவே: பொருள் தன்னிடம் இல்லாத ஒன்றை உண்டென்று காட்டலாகாது.

இரண்டாவது, புகைப்படம். படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் இவ்விரண்டு கோடுகளால் 9 பகுதிகளாகப் பிரித்து, முக்கியப் பொருளைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் அமைப்பது நன்று என்பர். மூன்றிலொரு பங்கு என்னும் இந்த நெறியை, 1797இல் இங்கிலாந்தின் ஜான் தாமஸ் ஸ்மித் என்பவர் ஓவியத்தைப் பற்றி எழுதியபோதே குறித்துள்ளார். எனினும் இருபுறமும் ஒத்த கோலத்தை எடுக்கும்போது அதை நடுவில் வைப்பதே சிறப்பு. அங்கே 9 கட்டங்களை மறப்பது பிழையன்று. பார்ப்பவர் கண்ணை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்வதே அந்நெறியின் நோக்கம்.

இக்காலத்தில் சங்கங்கள் கைபேசியில் படமெடுத்தே புடவைகளை விற்கின்றன. படத்தில் நிறத்தை மிகுத்துக் காட்டினால் ஆர்டர் வரும். புடவையும் திரும்பி வரும். திரும்பிய புடவையின் நட்டம் இறுதியில் நெசவாளர் கூலியிலேயே விழும். ஆகவே குழல் விளக்கைத் தவிர்த்துக் காலை வேளையில் நிழலான திறந்த இடத்தில் படமெடுங்கள். அருகில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள்; தாள் வெண்மையாகத் தோன்றினால் துணியின் நிறமும் பெரும்பாலும் சரியாக இருக்கும். கரையின் அகலம் தெரிய ஓர் அளவுகோலையும் வையுங்கள்.

மூன்றாவது, நம் குழந்தைகள் விரும்பும் கார்ட்டூன் படம். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில் 1930களில் உருவான பழக்கங்களை, அங்கு பணியாற்றிய பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்னும் இருவர் 1981இல் வெளியிட்ட நூலில் 12 நெறிகளாகத் தொகுத்தனர். அவற்றுள் முதலாவது, நசுங்குதலும் நீளுதலும். தரையில் மோதும் பந்து தட்டையாகும்; எழும்போது நீளும். தட்டையாகும்போது அது பக்கவாட்டில் அகலவும் வேண்டும். இல்லையேல் பந்தே சிறுத்துவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும். அதாவது, வடிவம் மாறலாம், கொள்ளளவு மாறலாகாது. இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நான்காவது, பொதுவாழ்வு. இங்கிலாந்தில் பாராளுமன்ற அங்கத்தினர் சிலர், சபையில் கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்றனர் என்ற செய்தி எழுந்ததையொட்டி, 1994இல் நோலன் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1995இல் அக்குழு பொதுவாழ்வுக்கு 7 நெறிகளை வகுத்தது. தன்னலமின்மை, பிறர்க்குக் கடன்படா ஒழுக்கம், நடுநிலைமை, பொறுப்புக் கூறல், வெளிப்படைமை, உண்மை, தலைமை என்பன அவை. நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 4ஆம் பாகத்திலும் அரசுக்கு வழிகாட்டும் நெறிகள் உள்ளன. கிராமங்களில் குடிசைத் தொழிலைத் தனிமுறையிலோ கூட்டுறவு முறையிலோ வளர்க்க அரசு முயலவேண்டும் என்பது 43ஆம் பிரிவு. கூட்டுறவுச் சங்கங்களின் தன்னாட்சியையும் ஜனநாயகக் கட்டுப்பாட்டையும் வளர்க்கும்படி கூறும் 43ஆ பிரிவு 2012இல் நடைமுறைக்கு வந்தது. இந்நெறிகளை நீதிமன்றத்தின் மூலம் வலியுறுத்திப் பெற இயலாது. ஆயினும் நாட்டின் ஆட்சிக்கு இவை அடிப்படை என்று 37ஆம் பிரிவு கூறுகிறது.

இப்போது நம் இயக்கத்திற்கு வருவோம். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் 28 பவுன் மூலதனத்துடன் ஒரு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியுமே சரக்கு. கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க வியாபாரம், ஆளுக்கு ஒரு வாக்கு ஆகியன அவர்களுடைய நெறிகள். சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1937இல் அந்நெறிகளை ஏற்றுத் தொகுத்தது. 1966இல் திருத்தியபோது ரொக்க வியாபாரம் பட்டியலிலிருந்து நீங்கியது. சங்கங்களுக்கிடையே ஒத்துழைப்பு சேர்ந்தது. 1995இல் தன்னாட்சியும் சமுதாய அக்கறையும் சேர்ந்தன. ஆளுக்கு ஒரு வாக்கு மட்டும் எத்திருத்தத்திலும் அசையவில்லை. பந்து நசுங்கியது, நீண்டது, கொள்ளளவு மாறவில்லை.

விளைவிப்போர் சங்கங்களுக்கும் இதுவே பாடம். எடைத்தராசு முத்திரையுடன் இருப்பது விதி. பருத்தியின் ஈரத்தையும் மஞ்சளின் தரத்தையும் கொண்டுவந்தவர் கண்முன் பார்த்து, காரணத்தைச் சீட்டில் எழுதித் தருவது நெறி. இயக்குநரின் மூட்டைக்கு ஒரு கண்ணும், சிறு விவசாயியின் மூட்டைக்கு வேறு கண்ணும் இருக்குமாயின், தராசின் முத்திரையால் பயனில்லை.

முன்னர் கூறிய சங்கத்திற்கு மறுமாதம் மீண்டும் சென்றோம். ஆர்டர் எத்தறிக்கு, எந்நாளில், என்ன கூலிக்குச் சென்றது என்பதை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டுமாறு கேட்டுக்கொண்டோம். ஆணையிட நமக்கு அதிகாரம் இல்லை, கேட்கவே முடிந்தது. நிர்வாகக் குழுவினர் இருவர் மனத்தாங்கலுடன் பேசினர். ஆயினும் பொதுப்பேரவை அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது. பலகை ஏறியபின் பங்கீடு ஒரே நாளில் நேராகிவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அதைப் படிப்பவர் இருந்தனர். படித்தபின் கேட்பவரும் இருந்தனர். அப்பெண்மணியின் தறியில் பாவு ஏறியதை மூன்றாம் முறை சென்றபோது கண்டோம். நமது ஆய்வுக் குறிப்பில் இப்போது படிவத்தில் இல்லாத ஒரு வரியை நாமே எழுதிக்கொள்கிறோம்: பங்கீடு எவ்வாறு?

அங்கத்தினர் கூடிப் படிக்கும்போது பின்வரும் வினாக்களை விவாதிக்கலாம்.

1. நமது சங்கத்தில் விதி மீறப்படாமலே நெறி மீறப்படும் இடம் ஏதேனும் உண்டா?

2. நூல், ஆர்டர், கடன், உரம் ஆகியவற்றின் பங்கீடு எல்லோரும் காணும் இடத்தில் எழுதப்பட்டுள்ளதா?

3. நாம் விற்கும் பொருளும் அதன் படமும் ஒன்றையே கூறுகின்றனவா?

விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த பொதுப்பேரவையில் படியுங்கள்.