கூடாரத்தோடு கிளம்பும் பிள்ளைகளுக்கு

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளர்ந்த பிள்ளைகளில் பலர் பாலிக்கும் பேங்காக்குக்கும் பறந்து போய்வந்துவிட்டார்கள். ஆனால் கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் தொட்டுவிடக்கூடிய தித்திவங்சா மலைக்காட்டில் ஓர் இரவு தங்கியதில்லை. நீங்கள் கூடாரம் வாங்கி, காடியில் ஏற்றிக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டு மனம் நிறைந்தது. பெரியவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன்.

1. பக்கத்தில் தொடங்குங்கள். முதல் பயணமே தாமான் நெகாரா வேண்டாம். ஹுலு லங்காட்டில் சுங்கை சோங்காக் பொழுதுபோக்குக் காடு இருக்கிறது. ஏதாவது மறந்துபோனால் வீடு தூரமில்லை. அதற்கும் முன்னால், கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையத்தில் ஒரு காலை நடந்து பாருங்கள். ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் வெறுமையாகிக் கிடந்த நிலத்தில் 1920களிலிருந்து மரம் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள கப்பூர் மரங்களை அண்ணாந்து பாருங்கள்: ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாமல், நடுவே வானம் கோடு கோடாகத் தெரியும்.

2. நாள்காட்டியைப் பார்த்துப் புறப்படுங்கள். நமக்கு வசதியான ஆண்டிறுதி விடுமுறையில்தான் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைப் புரட்டிப் போடும். திரங்கானு, கிளந்தான், பகாங் கரைக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் போவது நல்லது. மே மாதத்துக்குப் பிறகு ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும் கூடிவரும்.

3. கூடாரம் எங்கே அடிப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். 2022 டிசம்பர் 16, விடியுமுன் பத்தாங் காலிக்கு அருகே மலைச்சரிவு இடிந்து ஒரு முகாமின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இருக்கவில்லை. ஆகவே காசு கட்டும் முன் உரிமம் உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். வெட்டிய மலைச்சரிவின் அடியில் படுக்காதீர்கள். பல நாள் மழை பெய்திருந்தால், அன்று வெயில் அடித்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஊறிய மண்ணுக்கு ஒரு நாள் வெயில் போதாது. ஆற்றங்கரையும் அப்படியே. நம் தலைக்கு மேல் வெயிலாக இருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர்ப் பெருக்கு அப்படித்தான் வரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சட்டி பானையைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். பட்டுப்போன மரத்தடி வேண்டவே வேண்டாம்.

4. சமையல் எளிதாக இருக்கட்டும். சோறு, நெத்திலிச் சம்பல், முட்டை போதும். மழை வந்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்; கரிப்புகை தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

5. டோல் சாலையை விட்டு இறங்குங்கள். ஜெராண்டுட், கோலா லிப்பிஸ் பக்கம் போனால் கெமாஸிலிருந்து தும்பாட் வரை காட்டுக்குள் ஓடும் ரயில் பாதையைப் பார்ப்பீர்கள். 1931இல் முடிந்தது. அதில் தமிழ்க் கூலிகளின் உழைப்பு கலந்திருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தில் பெரும்பகுதியைப் பெயர்த்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் ஏற்றிப்போனார்கள். ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. அந்தத் தண்டவாளத்தின் ஓரம் காடியை நிறுத்தி ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். இந்த நாட்டின் காட்டுக்கு நாம் விருந்தாளிகள் அல்ல. வடக்குப் பக்கம் போனால், கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். இருட்டினால் யானைகள் சாலைக்கு வரும்.

6. தோட்டத்தில் வளர்ந்த அப்பாவையோ பாட்டியையோ ஒருமுறை கூட்டிப் போங்கள். எந்தக் கீரை தின்னலாம், எந்தப் புதரில் கை வைக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். அட்டை கடித்தால் இழுத்துப் பிடுங்காமல் நகத்தால் வழித்து எடுக்கச் சொல்லித் தருவார்கள். ஒராங் அஸ்லி கிராமம் வழியில் வந்தால் கேட்டுவிட்டு நுழையுங்கள். அவர்கள் பிள்ளைகளைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

7. இரவில் விளக்கைக் குறையுங்கள், பாட்டை நிறுத்துங்கள். கிள்ளானிலிருந்து அதிக தூரமில்லாத கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னும். வெளிச்சம் அதிகமானால் அந்தப் பூச்சிகளின் இணைசேர்க்கை கெடும்.

8. கொண்டுபோன குப்பையைக் கொண்டு வாருங்கள், பழத்தோலையும் சேர்த்துத்தான். ஏற்கெனவே நாம் இழந்தது போதும். ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950களில் ஆயிரக்கணக்கில் கரையேறிய தோல்முதுகு ஆமைகள் இன்று அநேகமாக இல்லை. மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே காட்டில் எஞ்சியிருக்கின்றன. பார்த்த காட்டை வெட்ட வந்தால் நீங்கள் எதிர்த்துப் பேசுவீர்கள். பார்க்காத காட்டுக்காக யாரும் பேசப்போவதில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் தம்பி தங்கைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.