'ரன்' என்னும் ஒரு சொல்

ஒரு சொல் பல பொருள் குறித்து வருவதைத் தொல்காப்பியர் திரிசொல்லின் ஒரு வகையாகக் கண்டார். சூடாமணி நிகண்டு அத்தகு சொற்களுக்கெனத் தனித் தொகுதியே வகுத்தது. ஆங்கிலத்தில் 'ரன்' அத்தகைய சொல்.

அடையாறு, பேருந்து, கடிகாரம், திரைப்படம் ஆகியவை தமிழிலும் ஓடும். சேப்பாக்கத்தில் மட்டையாளர் எடுப்பதும் ஓட்டமே. அதற்கப்பால் 'ஓடு' உடன்வாராது. மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், கடையை நடத்துவர். அமெரிக்கர் 'ஓடும்' தேர்தலில் நாம் நிற்கிறோம்! 'அவுட்' சேர்ந்தாலோ தீர்ந்துபோதலைக் குறிக்கும்.

மருந்து தீர்ந்தது என்பதை 'மருந்து வெளியே ஓடியது' என எழுதினால் நோயாளியின் நிலை யாது? ஆதலின், மாணவர்களே, அகராதியின் முதற்பொருளோடு அமைந்துவிடாதீர்கள். அண்டைச் சொற்களை நோக்குங்கள். அவ்விடத்தில் தமிழர் எவ்வாறு கூறுவர் எனத் தேர்ந்து எழுதுங்கள்.