குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரான திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918-இல்தான். அதே சமஸ்தானத்தின் மூணாறு மலையிலோ, 1902-லேயே தேயிலை தண்டவாளத்தில் ஏறிவிட்டது. தலைநகரத்து மக்களைவிட மலையின் சரக்குக்கே அவசரம் அதிகம் போலும்!

முதலில் அமைந்தது ஒற்றைத் தண்டவாளம்; வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகலக் குறுகிய பாதையாக மாற்றப்பட்டு, நீராவி என்ஜின்கள் ஓடலாயின. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனை அடைந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர் போடிநாயக்கனூர் சென்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்றுகூலி, இறக்குகூலி உண்டு. ஆயினும், மேற்கே நல்ல வழி இல்லாதவரை திருவிதாங்கூரின் தேயிலை கிழக்கே தமிழகச் சமவெளியை நோக்கியே இறங்கியது.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், பெருவெள்ளம் வந்தது. ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று மலையாள மக்கள் குறிப்பிடும் அந்த வெள்ளம் ரயில் பாதையைச் சிதைத்தது. பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. இதற்கு வெள்ளத்தை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. தேயிலை ஒன்றையே நம்பிய பாதைக்கு, அத்தேயிலைக்கு வேறு வழி திறந்தால் வாழ்வில்லை. 1928-இல் கொச்சியின் உள்துறைமுகத்தில் கடற்கப்பல் நுழைந்தது. 1935-இல் பெரியாற்றின்மீது நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. தேயிலை லாரியேறி மேற்கே திரும்பியது.

டாப் ஸ்டேஷனுக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் பேருந்தில் செல்கின்றனர். பெயரில் உள்ள ஸ்டேஷன் எங்கே என்று கேட்போரும் உண்டு.