காஞ்சியை வயதுப்படி பாருங்கள்

சென்னீர்குப்பத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. விடியற்காலையில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டால், திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டிப் பொன்னேரிக்கரையில் திரும்பி, கோயில் நடை திறக்கும் நேரத்துக்குக் காஞ்சிபுரத்தில் இறங்கிவிடலாம். வெளியூர் நண்பர்கள் வந்தால் அழைத்துப்போகிற பொறுப்பு எப்படியோ என் தலையில்தான் விழும்.

ஹம்பியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பல்லவர் அரண்மனை எங்கே?" என்பதுதான். தரைக்கு மேலே அப்படி எதுவும் இல்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறான். அப்படியானால் அதுவரை எழும்பிய கட்டடங்கள் எதனால் ஆனவை என்று ஊகித்துக்கொள்ளலாம். மரமும் செங்கலும் போய்விட்டன, கல் நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இங்கே நூறு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். இன்றைக்கு மிஞ்சியவை அங்கொன்றும் இங்கொன்றுமான புத்தர் சிலைகள். காஞ்சியின் இடிபாடு தனி மைதானமாக வேலி போட்டுக் கிடக்கவில்லை. பட்டுக்கடைக்கும் டீக்கடைக்கும் அடியில் கிடக்கிறது.

அதனால் நான் வைத்திருக்கும் விதி, வயதில் மூத்த கோயிலை முதலில் பார்ப்பது. ஆட்டோக்காரர் விடமாட்டார். "பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் ரெண்டையும் ஒரே ரவுண்டுல முடிச்சிடலாம்ணே, நடுவுல பட்டும் பாத்துடலாம்" என்பார். "நேரா கைலாசநாதர் கோயில் போங்கண்ணே, மத்ததெல்லாம் அப்புறம்" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பியது அது. கிழக்குப் பார்த்த கோயில். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் மணற்கல் சிற்பங்களுக்கு நிழலும் ஆழமும் கிடைக்கும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், கால் வேறு சுட்டுவிடும். சன்னிதிக்குள் அவசரப்பட்டு நுழையாமல், முதலில் திருச்சுற்றை ஒட்டி வரிசையாக நிற்கும் ஐம்பத்தெட்டுச் சிற்றாலயங்களை ஒரு சுற்று வாருங்கள். சிற்பங்களின் மேல் பிற்காலத்தார் பூசிய சுதை இருக்கும். மழமழவென்று உருண்ட முகங்களை நம்பாதீர்கள். சுதை பெயர்ந்த இடத்தில் எட்டிப் பார்ப்பதுதான் பல்லவச் சிற்பியின் உளி. சில சிற்றாலயங்களின் உள்சுவரில் ஓவியத் துணுக்குகள் உண்டு. 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டு உலகுக்குச் சொன்னவை. கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள், டார்ச்சும் பிளாஷும் வேண்டாம்.

கீழே குனிந்தும் பார்க்க வேண்டும். அடித்தளம் கருங்கல் என்பதால் அதில் வெட்டிய எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கிறது. ராஜசிம்மனின் பட்டப்பெயர்களைச் சிற்றாலயங்களில் வெவ்வேறு எழுத்துமுறைகளில் அடுக்கியிருக்கிறார்கள். போரில் வென்றவன் என்பது போலவே, வீணையில் நாரதன் என்றும் ஒரு பட்டம். தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வதில் அந்த ராஜாவுக்குக் கூச்சமே கிடையாது.

எனக்கு இங்கே மிகவும் பிடித்தது முன்மண்டபத் தூண் ஒன்றில் இருக்கும் கன்னடக் கல்வெட்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்த பிறகும் கோயில் சொத்தைத் தொடாமல் சாமிக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டியதுதான் விரூபாட்சர் கோயில். தோற்ற ஊரிலேயே ஜெயித்தவன் எழுதிய சாட்சி இந்தத் தூண் கல்வெட்டு. இதைக் காட்டாத வழிகாட்டிகள், கருவறையைச் சுற்றித் தவழ்ந்து வரும் குறுகலான பாதைக்கு மட்டும் மறக்காமல் அழைத்துப்போகிறார்கள். மறுபிறவி இல்லாமல் போகுமாம். மூச்சுத் திணறல் உள்ளவர்களும் முட்டி வலிக்காரர்களும் இந்தப் பிறவியைக் காப்பாற்றிக்கொள்வதே நல்லது.

மதியம் நடை சாத்திவிட்டால் நாலு மணிவரை தவிக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு, வேகவதிக்கு அந்தப் பக்கம் திருப்பருத்திக்குன்றம் போகலாம். ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது, கதவு பூட்டியிருந்தால் திறந்துவிட ஆளைத் தேட வேண்டிவரும். சமணக் காஞ்சி அதுதான். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் வண்ணத்தில் ஓடுகின்றன. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

சாயங்காலத்தை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒதுக்குங்கள். மேற்குப் பார்த்தது, மாலை வெளிச்சம் அதற்குத்தான். உள்சுற்றின் சுவரில் பல்லவ வம்சத்தின் கதை, காமிக்ஸ் புத்தகம் போலக் கட்டம் கட்டமாக. வாரிசில்லாமல் மன்னன் இறக்கிறான், ஊர்ப் பெரியவர்கள் இரணியவர்மனிடம் போகிறார்கள், மூத்த பிள்ளைகள் மறுக்கிறார்கள், பன்னிரண்டு வயதுப் பையன் நான் வருகிறேன் என்கிறான். அவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன். சில கட்டங்களின் அருகே விளக்க வரிகளும் வெட்டியிருக்கிறார்கள். கதையை வீட்டிலேயே படித்துவிட்டுப் போனால்தான் யார் யார் என்று பிடிபடும்.

ஏகாம்பரநாதர், வரதராஜர், காமாட்சி மூன்றையும் இதே நாளில் திணிக்காதீர்கள். அவை பெரும்பாலும் பிற்காலக் கட்டுமானம், கூட்டமும் அதிகம், தனியாக ஒரு நாள் கேட்பவை. வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் குதிரை வீரர் தூண்களைப் பார்க்கும்போது, முன்பு கைலாசநாதரில் கண்ட சிங்கத்தூண் எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்று புரியும். சுக்கும் மிளகும் தூக்கலான கோயில் இட்லியையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஒன்று. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். கோயிலில் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு, சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு, எட்டு மணிக்கு மேல் பஸ் ஏறினால் உட்கார்ந்துகொண்டே பூந்தமல்லி வந்துவிடலாம்.