கரிசல் காட்டில் ஆடவர் உள்ளநலம்

பாலவனத்தம் என்றவுடன் தமிழ் படித்தோர் நினைவுக்கு வருபவர் அதன் குறுநிலத் தலைவர் பாண்டித்துரைத் தேவர் ஆவார். 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பெருமை அவரைச் சாரும். அவர் புகழை எழுதப் பலர் உளர். அவர் பெயரால் அறியப்படும் அதே ஊரிலும், அதனைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் வாழும் ஆண்மக்களின் மனத்துயரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அதனைப் பற்றிச் சில எண்ணங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கியிருக்கும் கரிசல் காடு. பருத்தி, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய், மக்காச்சோளம் என விளைபொருள்கள் பல. ஆயினும் மழை பொய்த்தால் எல்லாம் ஒன்றே. காடு கைவிட்ட ஆண்டில் ஆண்கள் நூற்பாலைக்கும் விசைத்தறிக்கும் செல்வர். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவர். இல்லையேல் திருப்பூருக்கு வண்டி ஏறுவர். இவ்வாறு ஓடியோடி உழைப்பவன் மனம் என்ன பாடுபடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை.

தேசியக் குற்றப்பதிவு ஆவணக் கூடம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவருள் ஆண்கள் 1,22,724 பேர்; பத்தில் ஏழு பேருக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். எண்ணிக்கையில் மராட்டியத்திற்கு அடுத்த இடம் நமக்கு. இறந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி வேலை செய்தவர்கள். இறந்த ஆண்களுள் பெரும்பாலோர் மணமானவர்கள் என்பதையும் கருத வேண்டும். ஒவ்வோர் இறப்பின் பின்னும் ஒரு தாலி அறுந்திருக்கிறது; ஒரு குழந்தையின் படிப்பு நின்றிருக்கலாம்.

ஆண்களே மிகுதியாக இறப்பது ஏன்? பிரெஞ்சு நாட்டுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்க்கைம் 1897இல் தற்கொலை பற்றி ஒரு நூல் எழுதினார். தனிமனிதனைச் சமுதாயத்தோடு பிணைக்கும் கயிறு தளரும்போது இவ்விறப்புகள் பெருகுகின்றன என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. நம் ஊர்ப் பெண்கள் குழாயடியிலும், களையெடுக்கும் காட்டிலும், நூறுநாள் வேலையிலும் தம் குறைகளை ஒருவருக்கொருவர் சொல்லி அழுது ஆற்றிக் கொள்கின்றனர். ஆணோ, தேநீர்க் கடையில் இரண்டு மணிநேரம் அமர்ந்து அரசியல் பேசுவான். அடகு வைத்த மனைவியின் நகை மூழ்கப்போவதைப் பேச மாட்டான். சிறுவயதில் கீழே விழுந்து அழுதபோதே, "ஆம்பளப் பிள்ள அழலாமா?" என்று அவன் வாயை நாம் அடைத்துவிட்டோம்.

கடன் இதில் முதற்காரணம் என்று பலரும் சொல்வர். என் கருத்தில், கடனைக் காட்டிலும் கடனைப் பற்றிய வெட்கமே கொடிது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வாசலில் வந்து நின்று ஏசுபவன்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுப்பவர் எத்தனை பேர்? "நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிருமே" என்ற அச்சம் அவர்களைத் தடுக்கிறது.

உடல்நோயும் இதில் சேரும். நீங்காத வலி, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை ஆகியவை மனத்தையும் அரிப்பன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் பகலில் வருகிற பணியாளர் கண்ணில் படுவோர் பெண்களும் முதியோருமே. நடுவயது ஆண் காட்டிலோ ஆலையிலோ இருப்பான். மாலையில் அவன் தேடிச் செல்லும் மருந்தோ மதுக்கடையில் இருக்கிறது. மது துயரைப் போக்குவதில்லை; துயரைத் தடுத்து நிறுத்தும் அறிவைத்தான் போக்குகிறது.

இனி, இக்கட்டுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லிக்கும் 'மருந்து' என்றே பெயர். முன்பெல்லாம் அது பெரும்பாலும் பருத்திக்காரர் வீட்டில்தான் இருக்கும். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தை மொட்டையடித்த பிறகு, அந்தப் புட்டிகள் மக்காச்சோளக்காரர் வீட்டுக்கும் வந்துவிட்டன. தெளித்தது போக மீதி, தானிய மூட்டைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உச்சத்தில் நிற்பது சிறிது நேரமே என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அலைபோல் எழுந்து தணிவது அது. முயன்று தப்பியோருள் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் ஆய்வில் கண்ட உண்மை. ஆகவே அந்தச் சிறிது நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும். 'சாக நினைத்தவன் எப்படியும் சாவான்' என்று சாவடியில் அமர்ந்து சொல்கிறோமே, அது தவறு.

இதற்குச் சான்று அண்டை நாட்டிலேயே இருக்கிறது. இலங்கையில் 1995ஆம் ஆண்டு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று அது. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. பத்தாண்டுகளில் அவ்வளவு பாதியாகக் குறைந்தது. அதனால் வறுமை ஒழிந்துவிடவில்லை, போரும் ஓயவில்லை. மாறியது கைக்கெட்டும் நஞ்சுதான்.

நம் மாநிலத்திலேயே கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஒரு முயற்சி நடந்தது. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'சினேகா' அமைப்பினர், உழவர்களின் பூச்சிமருந்தை ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில், வங்கிப் பெட்டகம் போன்ற பூட்டிய பெட்டிகளில் வைக்கச் செய்தனர். தேவையான நாளில் எடுத்து, தெளித்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். அவ்வூர்களில் மருந்து குடித்தல் பெருமளவு குறைந்ததாக 2013இல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழக அரசும் ஆறு வகைப் பூச்சிமருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்குத் தடை செய்தது. அரசு செய்வது ஒருபுறம் இருக்க, ஒரு கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஓர் அறையும் பூட்டும் ஏற்பாடு செய்வது எந்த ஊருக்கும் இயலாததன்று.

மற்றொரு தயக்கத்தையும் நீக்க வேண்டும். ஒருவன் முகம் வாடியிருக்கிறான், உறங்குவதில்லை, நல்லது கெட்டதற்கு வருவதில்லை, விரும்பி வளர்த்ததைப் பிறருக்குக் கொடுக்கிறான். அவனிடம், "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என நேராகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போலாகாதா? ஆகாது. கேட்பதால் அவ்வெண்ணம் வளர்வதில்லை. பூட்டிய கதவு திறக்கிறது என்பதே மனநல மருத்துவர் அனைவரும் கூறுவது.

போலீஸ் கேஸுக்கு அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் மறைத்ததால் போன உயிர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து விலக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. எனவே அஞ்சாமல் கொண்டு செல்லலாம். பேசுவதற்கு ஆள் வேண்டுமெனில் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணும் உண்டு.

எங்கள் தெருவில் நடந்த ஒன்று. படைப்புழு வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு ஒருவர், தாம் ஆசையாக வளர்த்த இரண்டு வெள்ளாடுகளை விலைகூடப் பேசாமல் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். ஊரில் எல்லாரும் அதைச் சிரிப்பாகப் பேசினோம், நானும் சிரித்தவன்தான். அவர் மனைவியின் அண்ணன் ஒருவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு திண்ணையில் பக்கத்தில் அமர்ந்து, "மாப்ளே, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?" என்று கேட்டார். மற்றவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, நாற்பத்தைந்து வயது மனிதர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

மைத்துனர் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த மருந்துப் புட்டிகளையெல்லாம் சாக்கில் கட்டித் தம் கிணற்று மோட்டார் அறையில் வைத்துப் பூட்டினார். பத்து நாட்கள் அந்தத் திண்ணையிலேயே படுத்தார். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் சென்றார்; அங்கேதான் சர்க்கரை நோய் இருப்பதும் தெரிந்தது. கடன் இன்னும் முழுவதும் அடையவில்லை. ஆனால் அவர் இப்போதும் மக்காச்சோளம்தான் போடுகிறார். மோட்டார் அறைச் சாவி மைத்துனரிடமே இருக்கிறது. மருந்து தெளிக்கும் நாளில் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு, மாலையில் மீதியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கேயே காப்பி குடித்துவிட்டு வருகிறார்.