மண்சரிவும் மனிதனும்

மலையை அசையாமைக்கு உவமை கூறுவது நம் மரபு. ஆயின், புவியியல் கற்போனுக்கு மலையென்பது காலந்தோறும் கீழிறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளேயாம். சாய்விலுள்ள பாறையையும் மண்ணையும் புவியீர்ப்பு ஓயாது கீழ்நோக்கி இழுக்கின்றது; துணிக்கைகளுக்கிடையேயுள்ள உராய்வும் பிணைப்பும் அவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. தடுக்கும் விசை இழுக்கும் விசையினும் குறையும்போது சரிவு நிகழ்கின்றது. இச்சமநிலையைக் குலைப்பனவற்றுள் புவிநடுக்கமும் சூறாவளியும் தலையாயன. இரண்டினாலும் அடிக்கடி தாக்கப்படும் மத்திய அமெரிக்காவிலே நிகழ்ந்த இரு சரிவுகளை ஈண்டு ஆராய்வோம்.

எல் சல்வடோர் நாட்டிலே 2001 ஆம் ஆண்டு சனவரி 13 ஆந் திகதி பெரும் புவிநடுக்கம் ஒன்று உண்டாயிற்று. அது மழையற்ற காலம். சாந்தா தெக்லா நகருக்கு மேலேயுள்ள மலைத்தொடர் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் படிந்த மென்படைகளைக் கொண்டது. நிலம் குலுங்கும்போது இத்தகைய படைகளின் பிணைப்பு அறுகின்றது; ஒடுங்கிய மலைமுகடுகளில் குலுக்கம் மேலும் பெருகுகின்றது. முகட்டினின்றும் பெயர்ந்த மண் லாஸ் கொலினாஸ் என்னும் குடியிருப்பை மூடிற்று. அந்நடுக்கத்தில் இறந்த 944 பேருள் ஏறத்தாழ 585 பேர் இவ்வொரு சரிவிலே மாண்டவராவர். ஒரு மாதம் கழித்து, பெப்ரவரி 13 ஆந் திகதி, இரண்டாவது நடுக்கம் அந்நாட்டைத் தாக்கியது.

இனி, மழையின் செயலைக் காண்போம். நீர் மண்ணை வழுக்கச் செய்வதாற் சரிவு உண்டாகின்றது எனப் பலர் கருதுவர். அதனினும் முதன்மையான காரணம் வேறுண்டு. மழைநீர் மண்ணிடை வெளிகளை நிரப்பும்போது அதன் அமுக்கம் உயர்ந்து, ஒன்றையொன்று அழுத்திநின்ற துணிக்கைகளை விலக்குகின்றது. ஆதலால் உராய்வு குன்றுகின்றது; ஊறிய மண்ணின் பாரமோ கூடுகின்றது. 1998 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் ‘மிச்’ சூறாவளி மத்திய அமெரிக்காவின்மீது பன்னாள் மழை பொழிந்தது. ஒக்டோபர் 30 ஆந் திகதி நிக்கராகுவாவிலுள்ள கசீத்தா எரிமலையின் ஒரு பக்கம் இடிந்தது. எரிமலை அப்போது கக்கவில்லை; மழையே காரணம். இடிந்த பகுதி சிறிதேயாயினும், வழியிலுள்ள மண்ணையும் மரத்தையும் வாரிச் சேற்றுப் பெருக்காகிப் பன்மடங்கு பெருத்தது. மலையடியிலிருந்த எல் போர்வெனிர், ரொலாண்டோ ரொட்ரீகஸ் என்னும் இரு சிற்றூர்கள் அழிந்தன. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர்.

இவ்விரு காரணங்களும் தனித்தனியே நிற்பனவல்ல. நடுக்கம் பிளந்த நிலத்தில் அடுத்த மாரியின் நீர் புகுகின்றது. சீனாவின் வென்சுவான் பகுதியில் 2008 ஆம் ஆண்டு நிகழ்ந்த நடுக்கத்தின் பின்னர், தளர்ந்த மண் அடுத்து வந்த ஆண்டுகளின் பெருமழைகளிற் சேற்றுப் பெருக்குகளாக இறங்கியது.

ஆயின், சரிவு வேறு, அழிவு வேறு. 2010 ஆம் ஆண்டு சனவரியில் ஹெயிற்றியைத் தாக்கிய நடுக்கம் 7.0 அளவினது, பெப்ரவரியில் சிலியைத் தாக்கியது 8.8 அளவினது. பின்னையது வெளிவிட்ட சத்தி முன்னையதன் ஏறத்தாழ 500 மடங்காகும். எனினும், சிலியில் மாண்டவர் சில நூற்றுவர். ஹெயிற்றியிலோ இலட்சத்துக்கு மேற்பட்டோர். நடுக்கம் நிகழ்ந்த ஆழமும் நகருக்கு அண்மையும் இவ்வேறுபாட்டிற் பங்குகொண்டனவாயினும், கட்டடச் சட்டத்தைக் கடைப்பிடித்த நாட்டுக்கும் அதற்கு வகையற்ற நாட்டுக்கும் உள்ள வேறுபாடே பெரிது. அவ்வாறே, சமநிலத்தில் இடமற்ற ஏழை செங்குத்தான சாய்விலே குடியேறுகின்றான். விறகுக்கும் பயிருக்குமாகக் காடு அழிகின்றது. மண்ணைப் பிணைத்த வேர்கள் மடிகின்றன.

இவை தொலைநாட்டுச் செய்திகள் என்று நாம் வாளாவிருத்தற்கில்லை. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே தொழிலாளரின் லயன்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. 2025 ஆம் ஆண்டு நவம்பரில் ‘டித்வா’ சூறாவளி நம் மலைநாடெங்கும் சரிவுகளை விளைத்தது. இலங்கை முழுவதும் 600 க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சாய்வு நிலம் பெயருமுன் பெரும்பாலும் குறி காட்டும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்புகள் தோன்றும். மரங்களும் கம்பங்களும் சாயும். புதிய ஊற்றுகள் கிளம்பும். தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கும். இவற்றைக் கண்டதும் அவ்விடம் விட்டு அகலுதல் வேண்டும். நடுக்கத்தாற் பெயரும் மண்ணோ இவ்வவகாசமும் தருவதில்லை. ஆதலின், எங்கே குடியிருத்தலாகாது என்பதை முன்னரே வகுத்தல் இன்றியமையாதது. ‘இடம்பெயர்க’ என்று சொல்லுதல் எளிது. பெயர்ந்து செல்ல நிலமும் வீடும் இல்லாதவன் எங்கே செல்வான்? அறிவியல் தரும் எச்சரிக்கையோடு பாதுகாப்பான நிலமும் அவனுக்குக் கிடைக்கும்போதே அவ்வறிவு பயனுடையதாகும்.